வாத்தியார் வீட்டு ஆடும் ஒரு சிவப்புத் தொப்பியும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் படித்த பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், ஓவியம் சொல்லிக்கொடுத்ததை அப்புறம்தான் சொல்வார்கள். பார்க்காத பொருளை வரையாதே என்பது என் வகுப்பின் ஒரே சட்டம். பூசணிக்காய் வரைய வேண்டுமா, பூசணிக்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வை. இப்படிப் பேசிப் பேசியே ஒரு நாள் என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

புதுச்சேரியில் எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது. நெல்லித்தோப்பில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். 'தொப்பி தின்ற ஆடு' கதையை மறுபடியும் போடப் போகிறாராம், பழைய படங்கள் மங்கிவிட்டனவாம், புதிதாக நான் வரைந்து தர வேண்டுமாம். எங்கள் ஊரில் அந்தக் கதை தெரியாத பிள்ளை கிடையாது. பால்வாடியில் சொல்வார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடிப்பார்கள். நானே மூன்றாம் வகுப்பில் ஆடாக நடித்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு போலீஸ்காரர். தலையில் எங்கள் ஊர்ப் போலீசின் சிவப்புத் தொப்பி, உயரமாக, உருண்டையாக, முன்னால் கறுப்பு மூக்கோடு. அணிவகுப்பு நெருங்குகிறது. தொப்பியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு அவர் முகம் கழுவும்போது பக்கத்து வீட்டு ஆடு அதைத் தின்றுவிடுகிறது. அவர் அழுதுகொண்டே தையற்காரரிடம் போகிறார், பூக்காரியிடம் போகிறார், கடைசியில் குயவரிடம் போகிறார். குயவர் ஒரு பானைக்குச் சிவப்புச் சாயம் அடித்து அவர் தலையில் கவிழ்க்கிறார். அணிவகுப்பில் அந்தப் பானைதான் எல்லாத் தொப்பியையும் விடப் பளபளக்கிறது. ஆடு வந்து முன்னங்காலைத் தூக்கி சல்யூட் அடிக்கிறது. போலீஸ்காரர் அதைப் பார்த்து 'மே' என்கிறார். அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் 'மே' என்று கத்த வேண்டும், அதுதான் கதையின் உயிர். போலீஸ்காரரின் மனைவிக்குக் கதையில் ஒரே ஒரு வரி இருக்கிறது. 'வீட்டில் அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.' அவ்வளவுதான்.

"ஆட்ட போடுங்க, தொப்பிய போடுங்க, ஒரு மாசத்துல முடிச்சிக் குடுத்துடுங்க மேடம்" என்றார் அச்சகக்காரர்.

"அந்தக் காலத்துத் தொப்பியை நான் கண்ணால பார்க்கணும்" என்றேன். "பார்க்காம என் கை ஓடாது."

அவர் சலித்துக்கொண்டார். கதை எழுதிய பள்ளிக்கூட வாத்தியார் இறந்து சில வருஷம் ஆகிவிட்டது. "ஆனா அந்தப் போலீஸ்காரரு இருக்காரு. கருவடிக்குப்பத்துல. போய்ப் பாத்துக்குங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் போலீஸ்காரர் நிஜமான ஆள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் பென்சிலையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். அவருக்கு எழுபதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். முதுகில் ஒரு வளைவு கிடையாது. முறுக்கிவிட்ட மீசை வெள்ளையாகியிருந்தது. "பொன்ழூர், டீச்சரம்மா" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி எழுந்து நின்று வரவேற்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த தகப்பனாரின் மகன், தொப்பியைக் கடைசிவரை 'கெப்பி' என்றுதான் சொன்னார். ஆட்டுக் கதையைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். ஆடு எப்படி வந்தது, எப்படி மென்றது, பித்தளை வில்லையையும் தோல் மூக்கையும் மட்டும் எப்படி ருசி பார்த்துத் துப்பியது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னார். நான் சிரித்துச் சிரித்து நோட்டில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

அப்போது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் தெருப்பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. "மே" என்று கத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே அதைவிடச் சத்தமாகத் திருப்பி "மே" என்றார். உள்ளே இருந்து ஒரு கை வந்து தெருக்கதவைப் படாரென்று சாத்தியது. அது அவர் மனைவி.

"அந்தத் தொப்பி இப்ப இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் புது கெப்பி குடுத்தப்ப அத வாங்கிக்கிட்டாங்க. ஆனா அந்த பரேடுக்கு நான் பானைய கவுத்துக்கிட்டுப் போனேன்னு நெனச்சுடாதீங்க. அது வாத்தியாரு ஜோடிச்சது. என் வூட்டுக்காரிதான் கெப்பி செஞ்சா. நெல்லளக்கற மரக்கா மேல வச்சி ஒட்டி ஒட்டிச் செஞ்சா. நாலு விரக்கட ஒசரம், ஒரு மடிப்பு வுழல."

மரக்கால்! எனக்குக் கை பரபரத்தது. தொப்பி போனால் போகட்டும், அதன் அச்சு இருக்குமே. "அந்த மரக்கால் இருக்கா அம்மா? ஒரு தடவை பார்க்கலாமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"மரக்காலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போம்மா" என்றார் அந்த அம்மா.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கேட்டது ஒரு மரக்கால், என்னவோ சொத்தை எழுதித் தரச் சொன்ன மாதிரி விரட்டுகிறாரே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பிடித்தால் விடமாட்டேன் என்பது என்னுடைய இன்னொரு கெட்ட குணம். நாலு நாள் கழித்து மறுபடியும் போனேன். பெரியவர் பேங்குக்குப் போயிருந்தார். அந்த அம்மா தனியாக இருந்தார். சண்டை போடும் எண்ணத்தோடுதான் படியேறினேன், அதை மறைக்கவில்லை.

"அம்மா, உங்க கைவேலையைத்தான் நான் வரையணும்னு கேட்கறேன். அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஆடு தின்னல" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மூன்று மாதம். அவர் பிறந்த வீட்டில் நல்ல நாள் வருகிறதென்றால் வீட்டில் இருக்கிற சாமான் ஒன்று பாக்கியில்லாமல் கழுவ வேண்டும். ஏர், நுகத்தடி, மாட்டுக் கழுத்துக் கயிறு, முறம், உலக்கை எல்லாம் தண்ணீர் பார்த்தால்தான் பண்டிகை. புருஷன் அணிவகுப்பில் நடக்கப் போகிறான் என்றால் அதைவிட நல்ல நாள் எது? சட்டையைத் துவைத்தார், பெல்ட்டைத் துடைத்தார், பூட்சைக் கழுவினார். தொப்பியில் வேர்வை நாற்றம் அடித்தது. சோடா உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டார்.

"கொஞ்ச நேரத்துல தொறந்து பாத்தா வாளி பூரா செவப்பு. உள்ள அட்ட கூழாப் போச்சு. தோலும் வில்லையுந்தான் கையில வருது. எனக்கு உசிரே இல்ல. மாமியாரு கோயிலுக்குப் போயிருந்தாங்க. இவரு சாப்பாட்டுக்கு வந்தாரு, பாத்தாரு. ஒரு வார்த்த திட்டல. வாளியத் தூக்கிக்கிட்டு பின்பக்கம் போனாரு. மாமியாரு வந்ததும் வாத்தியாரு வூட்டு ஆடு தின்னுட்டுதுன்னு கத்தினாரு பாரு, நானே நம்பிட்டேன்."

அணிவகுப்புக்கு அப்போது நான்கு நாள் இருந்தது. அந்தப் பெண் அழவில்லை. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து, அம்மியில் அரைத்துப் பசை காய்ச்சினார். புருஷன் தலையில் மரக்காலைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு விரல் பெரிதாக இருந்தது, உள்ளே துணி கொடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். மரக்காலின்மேல் விளக்கெண்ணெய் தடவி, காகிதம் ஒரு சுற்று, பழைய வேட்டித் துணி ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி ஒட்டினார். இரண்டு நாள் மாடி வெயிலில் காயவைத்து உருவி எடுத்தார். தன்னுடைய சிவப்புக் கூறைப்புடவையின் உள்முந்தியை வெட்டி அதன்மேல் இழுத்துத் தைத்தார். பழைய தோல் மூக்குக்கு எண்ணெயும் விளக்குக் கரியும் தேய்த்துக் கறுப்பாக்கி, வில்லையோடு சேர்த்துப் பொருத்தினார். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொப்பி செய்வதை அவர் அதற்குமுன் பார்த்ததும் இல்லை. கேட்கக் கேட்க என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பரேடுல பெரிய ஆபீசரு இவரு முன்னாடி நின்னு கெப்பிய ஒரு நிமிசம் பாத்தாராம். எல்லாரு தொப்பியும் தொஞ்சி இருந்துச்சாம், இவருதுதான் நிமிந்து இருந்துச்சாம்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி இறுகிவிட்டது. "அந்த வாத்தியாரு பக்கத்து வூட்டுல இருந்துக்கிட்டு எங்க மானத்த கதையா எழுதிட்டாரு. அன்னியிலருந்து நாப்பது வருசமா இவரப் பாத்து மே மேன்னு கத்துறாங்க. டூட்டியில நிக்கும்போது கத்துனாங்க, எங்க பொண்ணு கல்யாணத்துல கத்துனாங்க. இவரும் சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கத்துறாரு. என்னாலதான அது? எனக்கு வயிறு எரியுதும்மா. வாத்தியாரு செத்தப்பகூட நான் எட்டிப் பாக்கல."

பிறகு என் நோட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "ஆட்ட எடுத்துடு. அந்த எடத்துல என்னப் போடு. வாளியில தொப்பிய அமுக்கற மாதிரி போடு. நான் சாகறதுக்குள்ள அந்தச் சத்தம் நிக்கணும். ஆட்ட எடுத்தா மரக்காலத் தரேன்."

அன்று மாலை அச்சகக்காரருக்குப் போன் செய்தேன். "ஆடு இல்லாமப் போட முடியுமா?" என்றேன். "மேடம், நல்லாத்தான் இருக்கீங்களா? ஆடு இல்லாம ஆட்டுக் கதையா?" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான் என்பதால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

இரண்டு வாரம் ஒன்றும் வரையவில்லை. ஆட்டை எடுத்தால் கதை போயிற்று, ஆட்டை வைத்தால் அந்த அம்மாவின் வயிற்றெரிச்சல். கடைசியில் அந்தப் பெரியவரையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அவர் காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பவர் என்று தெரியும். போய்ப் பிடித்தேன். கூடவே நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லிட்டாளா?" என்று நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். "அன்னிக்கு எங்கம்மாவுக்கு உண்மை தெரிஞ்சிருந்தா இவள வண்டியேத்தி ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. சர்க்காரு சொத்த நாசம் பண்ணிட்டான்னு ஊரக் கூட்டியிருப்பாங்க. எங்கம்மா அப்டிப்பட்ட ஆளு. ஆடுன்னா என்ன பண்ண முடியும்? ஆட்டுக்கு மாமியார் கெடயாது பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வாளிய எடுத்துக்கிட்டுப் போய் செவுத்துக்கு அந்தாண்ட எக்கி, ஆடு கழனித்தண்ணி குடிக்கற தொட்டியில கொட்டினேன். கொட்டிட்டு நிமிந்தா வாத்தியாரு நிக்கறாரு. ஆடு பக்கத்துலயே கட்டிக் கெடக்குது. கயிறுகூட அவுரல. அவரு தொட்டியப் பாத்தாரு, ஆட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவ்ளோதான். எங்கம்மா வந்து செவுத்துகிட்ட நின்னு அவர வண்ட வண்டயாக் கேட்டாங்க. அந்த மனுசன் தலையக் குனிஞ்சிக்கிட்டு, மன்னிச்சிடுங்கம்மா, கட்ட மறந்துட்டேன்னாரு."

பெரியவரின் அம்மாவுக்குச் சந்தேகம் அவ்வளவு லேசில் தீரவில்லையாம். ஆடு அட்டையைத் தின்னுமா, சுவரேறி வருமா என்று தெருவில் பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறார். அந்த வாரம் வாத்தியார் தன் வகுப்பில் ஒரு கதை சொன்னார். தெருப்பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆடு தொப்பியைத் தின்ற விஷயத்தைப் பத்து நாளில் ஊரே சொல்லத் தொடங்கியது. அதன்பிறகு அந்த மாமியாருக்குக் கேட்க ஆளில்லை. இவர் மனைவியைக் காப்பாற்றத்தான் அந்தக் கதை பிறந்ததே. வாத்தியார் தன் ஆட்டின் பேரைக் கெடுத்துக்கொண்டார், தானும் கெட்ட பேர் வாங்கிக்கொண்டார், சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர்! அவரிடம் நான் படிக்கவில்லையே என்று அந்த நிமிஷம் ஏக்கமாக இருந்தது.

"இது உங்க வீட்டு அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

"நெனச்சீங்களா? நாற்பது வருஷமா?"

"ஆட்டுப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவா டீச்சரம்மா. சரி, பழசக் கெளற வேணாம்னு இருக்காளேன்னு நானும் விட்டுட்டேன்."

நான் கத்திவிட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேச உங்களுக்கு என்ன கேடு, அந்த அம்மா ஒரு நல்ல மனுஷனை இத்தனை வருஷம் சபித்துக்கொண்டிருந்தார்களே என்று என் வகுப்புப் பையனைத் திட்டுவது போலத் திட்டினேன். முறுக்கு மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நேராகக் கருவடிக்குப்பம் போனோம்.

அந்த அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் எதிரில் போய் உட்கார்ந்து தொட்டியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். முறம் நின்றது.

"கட்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கட்டித்தான் இருந்துச்சு."

"வாத்தியாரு பாத்தாரா?"

"பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு."

"எனக்கோசரமா மன்னிப்பு கேட்டாரு?"

பெரியவர் தலையை ஆட்டினார். "சாவுக்குக்கூடப் போகலியே நான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். கதையில் மனைவிக்கு ஒரு வரி இருக்கிறதே, அது அன்றைக்குத்தான் உண்மையானது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கனமான மர மரக்கால், வாயில் பித்தளைப் பூண். பூணுக்கு அடியில் எண்ணெய் எட்டாத இடத்தில் காய்ந்த பசையின் கறை. அதன் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு காகிதத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் பிரெஞ்சு எழுத்துகள் நான்கைந்து தெரிந்தன. நான் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனையோ சாமான்களை வரைந்திருக்கிறேன், இவ்வளவு மரியாதையோடு ஒன்றைத் தொட்டதில்லை.

"அப்ப ஆட்டை எடுத்துடவா அம்மா?" என்று கேட்டேன்.

"எடுக்காத" என்றார். "வாத்தியாரு எனக்குக் குடுத்தது அது. ஆனா கட்டி வை. கழுத்துல கயிறு போட்டு மொளையில கட்டி வை. கயிறு அவுந்த மாதிரி போட்டுடாத."

அப்படியே வரைந்தேன். முதல் பக்கத்திலிருந்தே ஆட்டின் கழுத்தில் கயிறு, முளையில் இறுகிய முடிச்சு. தொப்பி தின்னும் பக்கத்தில் ஆடு தன் தொட்டியில்தான் வாய் வைத்திருக்கிறது, தண்ணீர் சிவப்பாக இருக்கிறது, கிணற்றுச் சுவர் எட்டாத தூரத்தில் இருக்கிறது. மனைவி அழுகிற வரிக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண் மரக்காலின்மேல் பசை தடவிக்கொண்டிருக்கிறாள், கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அச்சகக்காரர் படங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மேடம், ஆட்ட கட்டியில்ல வச்சிருக்கீங்க? அப்புறம் எப்டிப் போய் தின்னும்?" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். கதையில் ஒரு எழுத்து மாறவில்லை.

புத்தகம் வந்ததும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று போதும், இன்னொன்றை வாத்தியார் வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா தனியாக எடுத்துவைத்தார். பிறகு முதல் பக்கத்தைத் திறந்து ஆட்டின் கழுத்திலிருந்து முளைவரை கயிற்றின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். முடிச்சின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பெரியவரும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். சுவருக்கு அந்தப்பக்கம் தலைகள் தெரிந்தன. "மே" என்று கத்தினார்கள். பெரியவர் வழக்கம்போல மீசையைத் தடவிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கதவை நன்றாகத் திறந்து, வாசற்படியில் இறங்கி நின்று, பிள்ளைகளைப் பார்த்து "மே" என்றார்.